வாசகர் கேள்வி–பதில்: கராச்சியில் எழுந்து நின்றவர்கள்

சென்ற இதழில் 2004-ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் அணி மேற்கொண்ட பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றில் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிறந்த ஆண்டில் நடந்த தொடர் அது. கராச்சி ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் அப்பா நிறுத்துவதே இல்லை. அப்படி அதில் என்னதான் நடந்தது? (கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

உங்கள் அப்பா மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாருமே சுருக்கமாகப் பேச மாட்டார்கள். நானும் சற்று நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

இந்திய அணி 1989-க்குப் பிறகு பாகிஸ்தானில் முழுச் சுற்றுப்பயணம் எதையும் மேற்கொண்டிருக்கவில்லை. 1997-இல் மூன்று ஒருநாள் ஆட்டங்களுக்காக மட்டும் போய் வந்தது. அதன் பிறகு 1999-இல் கார்கில் போரும், 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலும் நிகழ்ந்ததால், உலகக் கோப்பை போன்ற போட்டிகளில் தவிர இரு அணிகளும் நேருக்கு நேர் நிற்க முடியாத நிலை ஏற்பட்டது. 2004 ஜனவரியில் சார்க் மாநாட்டுக்காக இஸ்லாமாபாத் சென்ற பிரதமர் வாஜ்பாய் பேச்சுவார்த்தைக்கு மீண்டும் வழி திறந்து வைத்தார். அதைத் தொடர்ந்தே இந்தச் சுற்றுப்பயணம் உறுதியானது. கங்குலி தலைமையிலான அணி புறப்படும் முன் வாஜ்பாய் கொடுத்த மட்டையில், ஆட்டத்தை மட்டுமல்ல, உள்ளங்களையும் வென்று வாருங்கள் என்ற பொருள்படும் இந்தி வாசகம் எழுதப்பட்டிருந்தது.

முதல் ஒருநாள் ஆட்டம் மார்ச் 13, சனிக்கிழமை, கராச்சி தேசிய மைதானத்தில் நடந்தது. சேவாக் 57 பந்துகளில் 79 ஓட்டங்கள் அடித்துக் கொடுத்த தொடக்கத்தின் மீது திராவிட் நிதானமாகக் கட்டடம் எழுப்பினார். 99-இல் சோயிப் அக்தரின் பந்தில் ஸ்டம்பை இழந்தார். இந்தியா 7 விக்கெட்டுக்கு 349. அந்தக் காலத்தில் 350 என்ற இலக்கைத் துரத்திப் பிடிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பாகிஸ்தான் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவரையும் சீக்கிரமே இழந்ததும், இனி முடிந்தது என்று நம்மில் பலர் எழுந்து போய்விட்டோம்.

ஆனால் இன்சமாம் உல் ஹக் களத்தில் இருந்தார். அவர் ஓடுவதைப் பார்த்தால் அவசரமே இல்லாதவர் போலத் தோன்றும். பந்து மட்டையில் பட்டதும் எல்லைக்கோட்டை நோக்கிப் போகும் வேகம் மட்டும் வேறாக இருக்கும். முதலில் யூசுப் யுஹானாவுடனும் பிறகு யூனிஸ் கானுடனும் சேர்ந்து அவர் எடுத்த 122 ஓட்டங்களுக்கு 102 பந்துகளே தேவைப்பட்டன. முரளி கார்த்திக்கின் பந்தில் திராவிட் கையில் பிடிகொடுத்து அவர் வெளியேறிய பின்னும் அப்துல் ரசாக் விடவில்லை. இறுதிக்கு முந்திய ஓவரில் ஜாகீர் கானின் பந்தை சோயிப் மாலிக் உயரத் தூக்கினார். முகமது கைஃப் ஒரு பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தார். நம் ஹேமங் பதானி மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தார். இருவரும் மோதிக்கொள்ளப் போகிறார்கள் என்று தோன்றிய கணத்தில் கைஃப் முழு உடலையும் நீட்டிப் பாய்ந்து பந்தைப் பிடித்தார். பதானி மட்டும் கடைசி நொடியில் விலகியிருக்காவிட்டால் அந்தப் பிடியும் இல்லை, அந்த வெற்றியும் இல்லை. கைஃபைப் பற்றிப் பேசுகிறவர்கள் பதானியை மறந்துவிடுவது எனக்கு எப்போதுமே வருத்தம்.

கடைசி ஓவரில் தேவைப்பட்டவை 9 ஓட்டங்கள். ஆசிஷ் நெஹ்ரா ஒவ்வொன்றாகக் கொடுத்து, கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு ஆறு ஓட்டங்கள் தேவை என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். எதிரே மொயின் கான். வீரர்கள் அறையில் பயிற்சியாளராக அமர்ந்திருந்தவர் ஜாவேத் மியான்தத். 1986-இல் ஷார்ஜாவில் சேத்தன் சர்மா வீசிய கடைசிப் பந்தை, அதுவும் தரையில் படாமல் நேரே வந்த ஒரு ஃபுல் டாஸை, சிக்ஸருக்கு அனுப்பி இந்தியாவின் நெஞ்சில் ஆறாத வடு ஏற்படுத்திய அதே மியான்தத். நெஹ்ராவின் பந்தும் ஃபுல் டாஸாகவே விழுந்தது. மொயின் தூக்கி அடித்தார். பந்து ஜாகீர் கானின் கைக்குப் போயிற்று. ஐந்து ஓட்டங்களில் இந்தியா வென்றது. இரு அணிகளும் சேர்ந்து எடுத்த 693 ஓட்டங்கள் அன்றைக்கு ஒருநாள் ஆட்டங்களில் உலகச் சாதனை.

ஆனால் உங்கள் அப்பா நிறுத்தாமல் பேசுவது இந்த எண்களுக்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். தங்கள் அணி ஐந்து ஓட்டங்களில் தோற்ற அந்த நிமிடத்தில் கராச்சி மக்கள் எழுந்து நின்று இந்திய வீரர்களுக்குக் கைதட்டினார்கள். அந்த மைதானத்தின் முந்தைய வரலாறு தெரிந்தவர்களுக்கு அது சாதாரணக் காட்சி அன்று. அந்த வரலாற்றை அடுத்த கேள்விக்கான விடையில் சொல்கிறேன்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் கராச்சிக்கும் பெஷாவருக்கும் டெஸ்ட் ஆட்டம் தரப்படவில்லையே, ஏன்? அங்கே முன்பு இந்திய அணி என்ன பாடுபட்டது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பாதுகாப்புதான் காரணம். டெஸ்ட் என்றால் அணி ஒரே ஊரில் ஒரு வாரம் தங்க வேண்டும்; ஒருநாள் ஆட்டம் என்றால் வந்து, ஆடி, கிளம்பிவிடலாம். ஆகவே அவ்விரு நகரங்களுக்கும் ஒருநாள் ஆட்டங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டன.

பழைய கதைகள் ஏராளம். கராச்சியிலிருந்தே தொடங்குகிறேன். 1989 டிசம்பரில் அங்கே நடந்த ஒருநாள் ஆட்டம் பார்வையாளர்களின் கலவரத்தால் பாதியில் கைவிடப்பட்டது. 1997 செப்டம்பர் 30 அன்று இந்தியத் தடுப்பாட்டக்காரர்கள் மீது கல் வீசப்பட்டதால் பாகிஸ்தானின் ஆட்டம் 47.2 ஓவர்களோடு நிறுத்தப்பட்டது. அந்த இலக்கையும் துரத்தி, கடைசி ஓவரில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தை ராஜேஷ் சவுகான் சிக்ஸருக்கு அனுப்ப, இந்தியா வென்றது. அந்த மைதானத்துக்கு இந்திய அணி அடுத்து வந்தது 2004-இல்தான். ஏழு ஆண்டுகளுக்கு முன் கல் பறந்த இருக்கைகளிலிருந்து அன்று கைதட்டல் வந்தது. இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கராச்சிக்கு முன்பே வேறொரு கசப்பும் உண்டு. இவ்விரு நாடுகளுக்கிடையிலான முதல் ஒருநாள் ஆட்டம் 1978 அக்டோபர் 1 அன்று குவெட்டாவில் நடந்தது. கபில்தேவுக்கு அதுவே முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம். இந்தியா 4 ஓட்டங்களில் வென்றது. சியால்கோட்டில் 79 ஓட்டங்களுக்குச் சுருண்டு தோற்றது. தொடர் சமநிலையில் இருக்க, மூன்றாவது ஆட்டம் நவம்பர் 3 அன்று சாகிவாலில் நடந்தது. எட்டு விக்கெட்டுகள் கையில் இருக்க, 14 பந்துகளில் 23 ஓட்டங்கள் எடுத்தால் போதும் என்ற நிலையில், சர்ஃபராஸ் நவாஸ் அடுத்தடுத்து நான்கு பவுன்சர்களை மட்டையாளரின் தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் வீசினார். ஒன்றைக்கூட நடுவர்கள் வைட் என்று அறிவிக்கவில்லை. அணித்தலைவர் பிஷன் சிங் பேடி மட்டையாளர்களைத் திரும்பி வரச் சொல்லி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஒருநாள் ஆட்ட வரலாற்றில் ஓர் அணி அப்படி விட்டுக்கொடுத்தது அதுவே முதல் முறை. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது அப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேடி செய்தது சரி என்பதே என் கருத்து. அக்காலத்தில் நடுவர்கள் இருவருமே போட்டியை நடத்தும் நாட்டவர்கள். முறையிட வேறு இடம் இருக்கவில்லை. பிற்காலத்தில் வெளிநாட்டு நடுவர்கள் வந்ததும், தலைக்கு மேல் போகும் பந்து வைட் என்று விதி இறுகியதும்தான் 2004 போன்ற ஒரு தொடரை மனக்கசப்பின்றி ஆட வழிவகுத்தன.

1984-இல் ஓர் ஆட்டம் பாதியில் நின்றதாகக் கேள்விப்பட்டேன். (வாசகி, காரைக்குடி)

1984 அக்டோபர் 31, சியால்கோட். இந்தியா 3 விக்கெட்டுக்கு 210 ஓட்டங்கள் எடுத்திருந்தது; வெங்சர்க்கார் 94-இல் ஆட்டமிழக்காமல் இருந்தார். பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி வந்தது. ஆட்டம் அத்துடன் நின்றது. எஞ்சிய சுற்றுப்பயணமும் ரத்தாயிற்று.

கராச்சிக்குப் பிந்தைய ஆட்டங்கள் எப்படி இருந்தன? நம் பாலாஜி அங்கே பெரிய நாயகர் ஆனார் என்கிறார்களே, அது உண்மைதானா? (வங்கி ஊழியர், விழுப்புரம்)

ராவல்பிண்டியில் பாகிஸ்தான் 329 எடுத்தது. சச்சின் 135 பந்துகளில் 141 எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. பெஷாவரில் தொடக்கத்திலேயே ஷபீர் அகமது விக்கெட்டுகளைச் சாய்த்துவிட, யுவராஜ் சிங்கின் 65 ஓட்டங்களால் 244 வரை வந்தோம். யாசிர் ஹமீதின் 98 ஓட்டங்கள் அதைத் தாண்டப் பாகிஸ்தானுக்குப் போதுமானவையாக இருந்தன. 2-1 என்று பின்தங்கிய நிலையில் அணி லாகூருக்கு வந்தது.

அங்கே நடந்த நான்காவது ஆட்டமே தொடரின் திருப்பம் என்பேன். இன்சமாம் மறுபடியும் ஒரு சதம், 123. இலக்கு 294, இந்தியா 162-க்கு 5 விக்கெட்டுகளை இழந்தது. அதன்பின் திராவிடும் கைஃபும் பிரியவே இல்லை. 132 ஓட்டங்களைச் சேர்த்து, ஓவர்கள் மீதமிருக்கவே ஆட்டத்தை முடித்தார்கள். பெரிய அடிகள் குறைவு. ஒன்றும் இரண்டுமாக ஓடியே எதிரணியைக் களைப்படையச் செய்தார்கள். மார்ச் 24 அன்று ஐந்தாவது ஆட்டத்தில் லட்சுமண் 107 எடுக்க இந்தியா 293 எடுத்தது. இன்சமாம் தூக்கி அடித்த பந்தைச் சச்சின் எல்லைக்கோட்டின் ஓரத்தில் பிடித்தபோது அந்த ஆட்டமும், 3-2 என்ற கணக்கில் தொடரும் நம் பக்கம் வந்துவிட்டன.

இனி பாலாஜி. சென்னையில் பிறந்த லட்சுமிபதி பாலாஜிக்கு அப்போது வயது 22. அந்தக் கடைசி ஒருநாள் ஆட்டத்தில் அவர் மூன்று விக்கெட்டுகளை எடுத்தார். பிறகு ராவல்பிண்டி டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து ஏழு விக்கெட்டுகள். ஆனால் பாகிஸ்தான் மக்களுக்கு அவர் மீது ஏற்பட்ட பிரியத்துக்கு விக்கெட்டுகள் மட்டும் காரணமல்ல. உலகின் மிக வேகமான பந்துவீச்சாளரான சோயிப் அக்தரைக் கடைசி வரிசையில் இறங்கிச் சிக்ஸர் அடித்தார். மட்டை உடைந்தபோதும் சிரித்தார். பந்து வீசி அடி வாங்கினாலும் சிரிப்பு, விக்கெட் விழுந்தாலும் சிரிப்பு. ஓர் இந்திப் பாடலின் வரியில் அவர் பெயரைப் பொருத்தி, மெதுவாக ஓடப்பா பாலாஜி என்ற பொருளில் பாகிஸ்தான் பார்வையாளர்கள் கூட்டமாகப் பாடினார்கள். எதிரணிப் பந்துவீச்சாளரை அப்படிக் கொஞ்சுகிற பார்வையாளர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் வீட்டில் அந்தத் தொடரைத் தூர்தர்ஷனில் பார்த்த நினைவு இருக்கிறது. ஆனால் உரிமை ஒரு தனியார் அலைவரிசையிடம் இருந்ததாக இப்போது படித்தேன். எது சரி? (குடும்பத் தலைவி, சென்னை பெரம்பூர்)

இரண்டும் சரி, அதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒளிபரப்பு உரிமையை டென் ஸ்போர்ட்ஸ் வாங்கியிருந்தது. சென்னையில் 2003 செப்டம்பர் முதல் கட்டண அலைவரிசைகளைப் பார்க்க வேண்டுமானால் தொலைக்காட்சிக்கு மேல் தனிப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்தாக வேண்டும் என்ற முறை நடப்புக்கு வந்திருந்தது. பெரும்பாலான வீடுகள் அந்தப் பெட்டியை வாங்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் ஒரு தொடரைச் சாதாரண மக்கள் பார்க்க முடியாமல் போகக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தனியார் அலைவரிசையின் முத்திரையோடும் விளம்பரங்களோடும் அப்படியே தூர்தர்ஷன் காட்டலாம், அதற்கு ஈடாக 50 கோடி ரூபாயை முன்வைப்பாகக் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. நாட்டுக்கு முக்கியமான விளையாட்டுகளின் ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே தீர வேண்டும் என்று 2007-இல் வந்த சட்டத்துக்குப் பின்னால் இந்த வழக்கும் இருக்கிறது.

எங்கள் தெருவில் அந்தப் பெட்டி ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. தூர்தர்ஷனில் ஆட்டம் வரும் என்பது உறுதியாகும் வரை, அந்த வீட்டுப் பாட்டி, வாசலில் எத்தனை பேர் செருப்பைக் கழற்றலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உத்தரவு வந்ததும் அவரவர் வீட்டுக் கூடத்தில் அவரவர் உட்கார்ந்தோம். தேநீர்க் கடையில் கூரைக்கம்பியில் கட்டியிருந்த பழைய தொலைக்காட்சிக்கு முன்னால் நெஹ்ராவின் கடைசி ஓவருக்கு நின்றவர்கள் கையில் தேநீர் ஆறிப் போயிருந்தது.

விளையாட்டால் பகை தீர்ந்துவிடும் என்பதெல்லாம் பத்திரிகைக்காரர்களின் கற்பனை. அங்கே போன நம்மவர்களை உண்மையிலேயே வரவேற்றார்களா? (முன்னாள் படைவீரர், வேலூர்)

ஐயா, எல்லையில் நின்றவர் நீங்கள். உங்கள் ஐயத்துக்கு மதிப்புக் கொடுத்தே எழுதுகிறேன். பகை தீரும் என்று நான் சொல்லவில்லை, தீரவும் இல்லை. நடந்தது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான இந்தியப் பார்வையாளர்களுக்குப் பாகிஸ்தான் விசா கொடுத்தது. லாகூரில் இந்தியர் என்று தெரிந்ததும் டாக்சிக்காரர்களும் கடைக்காரர்களும் காசு வாங்க மறுத்ததைப் போய்வந்த பலரும் எழுதினார்கள். பாகிஸ்தானை நிறுவிய ஜின்னாவின் மகளும், மும்பையில் வாழ்ந்தவருமான தீனா வாடியா லாகூர் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். பிறகு கராச்சியில் தம் தந்தையின் கல்லறைக்குச் சென்றார். இவை அரசாணையால் நடப்பவை அல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1999 ஜனவரி 31 அன்று, பாகிஸ்தானுடனான டெஸ்டின்போது, சேப்பாக்கத்தில் நான் இருந்தேன். சச்சின் 136 எடுத்து, வெற்றிக்கு 17 ஓட்டங்களே இருந்தபோது ஆட்டமிழந்தார். அடுத்த மூன்று விக்கெட்டுகள் நான்கே ஓட்டங்களில் விழுந்தன. 12 ஓட்டங்களில் தோற்றோம். சில நிமிடங்கள் மைதானம் முழுதும் ஒரு சத்தமும் இல்லை. பிறகு என் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார், கைதட்டினார். அவரைத் தொடர்ந்து வரிசை வரிசையாக எழுந்தோம். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சுற்றுப்பயணம் தொடங்கும் முன் டெல்லி ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டவர்களும் நம்மவர்களே. மூன்று வாரங்களுக்குள் கொல்கத்தாவில் பார்வையாளர்களின் கலவரத்தால், இருக்கைகளைக் காலி செய்து வெற்று மைதானத்தில் ஆட்டத்தை முடிக்க நேர்ந்ததும் நம் மண்ணில்தான். கல்லெறிதலும் கைதட்டலும் இரு பக்கமும் உண்டு. எது எப்போது வரும் என்பது பெரும்பாலும் மக்கள் எவ்வளவு காலம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் அப்படி ஒரு தொடர் நடக்குமா? துபாயில் ஆடினால் என்ன குறை? (பொறியாளர், கோயம்புத்தூர்)

2006-இல் இந்தியா மறுபடியும் போய் ஒருநாள் தொடரை 4-1 என்று வென்றது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. அடுத்த சுற்றுப்பயணத்தை இந்திய அரசு அனுமதிக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பாகிஸ்தான் சென்ற இலங்கை அணியின் பேருந்து 2009 மார்ச் 3 அன்று லாகூரில் தாக்கப்பட்டது. அத்தகைய சூழலில் அணியை அனுப்ப மறுத்ததைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. கடைசியாக 2012 டிசம்பரில் பாகிஸ்தான் அணி குறுகிய தொடருக்காக இங்கே வந்தது. முதல் ஒருநாள் ஆட்டம் டிசம்பர் 30 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது; 29-க்கு 5 விக்கெட்டுகளை இழந்து தவித்த அணியைத் தோனி 113 எடுத்துத் தூக்கி நிறுத்தினார், ஆனாலும் நாசிர் ஜாம்ஷெட்டின் சதத்தால் அவர்கள் வென்றார்கள். அதன் பிறகு இரு நாடுகளுக்கிடையே நேரடித் தொடர் ஒன்றும் இல்லை. இப்போது 2027 வரை சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் போட்டிகளில்கூட இரு அணிகளும் ஒன்றன் மண்ணில் மற்றது ஆடாமல் மூன்றாம் நாட்டில் ஆடுவது என்று ஏற்பாடு.

துபாயில் ஆடுகளம் நன்றாக இருக்கிறது, ஒளிவிளக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே விருந்தினரும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. 2023 உலகக் கோப்பையில் பாகிஸ்தான் சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தானுடனும் தென்னாப்பிரிக்காவுடனும் ஆடியபோது, விசா கிடைக்காததால் அவர்கள் நாட்டுப் பார்வையாளர்களை அங்கே காணவே முடியவில்லை. அந்தக் குறையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அண்மையில் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அது அரசுகள் முடிவு செய்ய வேண்டியது. பாதுகாப்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. நடக்கிற காலம் வந்தால், முதல் ஆட்டத்தைக் கராச்சிக்கோ சேப்பாக்கத்துக்கோ கொடுங்கள் என்று கேட்பேன். இருக்கைகளில் நூற்றில் பத்தையாவது எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர்களுக்கு ஒதுக்கி, அவர்களுக்கு விசாவும் கொடுங்கள் என்று அதோடு சேர்த்துக் கேட்பேன்.